மடிப்புக்குள் இருந்த இரண்டு குவிமாடங்கள்

“கோயிலுன்ற, மேல பூண்டு வச்ச மாதிரி கீது. இத்த வரஞ்சி எடுத்துகினு போனா சீட்டு குடுத்துடுவாங்களாம்மா?” என்று அப்பா கேட்டார். அவர் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிறவர், கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் எழுத்து என்னிடமிருந்துதான் தொடங்குகிறது.

அவர் சொன்ன கோயில், என் கணக்கு நோட்டுக்கு அட்டையாகப் போட்டிருந்த தமிழில் வந்த ரஷ்யப் பத்திரிகைத் தாளில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவப் பேராலயம். முதலில் மரத்தில் கட்டி, அது எரிந்துபோக, வெள்ளைக் கல்லில் எழுப்பினார்களாம். பனி தங்காமல் வழுக்கி விழத்தான் அந்தப் பூண்டு வடிவம். நடுவில் சில காலம் வழிபாட்டை நிறுத்திவிட்டு உள்ளே தானியம் கொட்டி வைத்தார்கள். சாமிப் படங்கள் நிறைந்த ஒரு சுவரும் உண்டு. அதன் கதவுக்கு அப்பால் பூசாரி மட்டும் போகலாம். அது எனக்குப் புதிதாக இல்லை.

சென்னையில் கட்டடக்கலைப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. ஒரு கட்டடத்தை வரைந்து எடுத்துச் சென்று விளக்க வேண்டும். நான் மூன்று குவிமாடங்களை வரைந்தேன்: வலது ஓரத்தில் பெரியது, அதற்கு இடப்பக்கம் சிறியவை இரண்டு. எங்கள் பக்கத்துக் கோயில்களில் வாசலில்தானே உயர்ந்த கோபுரம்? படத்தின் கீழே ‘நடுக் குவிமாடம்’ என்று அச்சாகியிருந்ததைப் பிழை என்று பேனாவால் அடித்தும் வைத்திருந்தேன்.

தேர்வுக்கு முதல் நாள், உளுந்தூர்பேட்டைக்கு முன்பே பேருந்து நின்றுவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கோடாரியோடு நின்றவரிடம் அப்பா என் படிப்பைச் சொல்லிக் கெஞ்சினார்.

“எங்க புள்ளைங்களும் படிக்கணும்னுதாங்க மரத்த போட்டுகினு கீறோம். வூட்டுக்குப் போங்க,” என்றார் அவர். அதில் கேலி இல்லை.

சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்தேன். வியர்த்த கையில் நோட்டு அட்டை கழன்று வந்தது. உள்பக்கம் மடித்திருந்த தாளில் இன்னும் இரண்டு குவிமாடங்கள் இருந்தன. பெரியது நடுவில்தான். வழி திறந்திருந்தாலும் தப்பான கோயிலைத்தான் கொண்டுபோயிருப்பேன்.

“அஞ்சு பூண்டா?” என்றார் அப்பா. நான் தலையாட்டினேன்.

நடந்தே திரும்பினோம். தேர்வு நாள் போயிற்று. இன்னொரு நாள் தருவார்கள் என்று நான் நம்பவில்லை. பேருந்து ஓடத் தொடங்கிய அன்று கள்ளக்குறிச்சிக்குப் போய், ஐந்தையும் புதிதாக வரைந்த தாளை, வேறு தேதி கேட்டு எழுதிய கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.