கஞ்சியில் நான் கலந்தது

1. முழுதாக வந்த தட்டு

கஸ்தூரியம்மாவின் தட்டு முதல் முறை முழுதாகத் திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். வத்தக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை ஒன்று. சோற்றில் இரண்டு கவளம் பிசைந்த தடம் இருந்தது. முட்டை வைத்தது வைத்தபடி. குழம்பு தட்டின் ஓரத்தில் ஏடு கட்டிப் போயிருந்தது.

அம்மா என்று நான் சொல்வது எங்கள் யூனிட் முதலாளியை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் கிண்ணமும் செய்கிற யூனிட். பின்னாலேயே அவர்கள் வீடு. நான் அங்கே இருபத்தாறு வருஷம் பினிஷிங் மேசையில் இருந்தேன். மோல்டிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் விளிம்பைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைக்கிற வேலை. கண் மங்கிப்போய் விளிம்பு தெரியாமல் ஆனபோது, என்னை வீட்டுக்கு அனுப்பாமல் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள். அது ஆகிறது எட்டு வருஷம்.

சமையலுக்குப் போன முதல் நாள் காரக்குழம்பு வைத்தேன். அம்மா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதெல்லாம் வராது. அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், அங்கேயும் வாய் திறந்ததில்லை. தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். கறிவேப்பிலை மட்டும் மிச்சம் இருந்தால் குழம்பு சரி. சோற்றை ஓரமாக ஒதுக்கியிருந்தால் புளி ஏறிவிட்டது. பொரியலைத் தொடாமல் விட்டிருந்தால் முற்றின காய். தட்டு கழுவும் இடத்தில்தான் எனக்குச் சேதி வரும். அம்மாவின் தட்டு எட்டு வருஷமும் துடைத்த மாதிரிதான் வந்தது.

அதனால் அந்தச் சனிக்கிழமை மிச்சக் குழம்பை நானே இரண்டு தடவை ருசி பார்த்தேன்.

2. கிழமைக் கணக்கு

ஞாயிறும் அப்படியே வந்தது. திங்கள் கொஞ்சம் சாப்பிட்டிருந்தார்கள். நான் புளியைக் குறைத்துப் பார்த்தேன், எண்ணெயை மாற்றினேன், மிளகாய்த்தூளைப் புதிதாக அரைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு கிண்ணம் குழம்பை எடுத்துக்கொண்டு பினிஷிங் மேசைக்குப் போனேன். என் இடத்தில் இப்போது இருப்பவள் ராணி. கையில் மண் ஒட்டியிருக்க, விரலை மட்டும் கழுவிக்கொண்டு நக்கிப் பார்த்தாள்.

"கொழம்பு நல்லாத்தான் இருக்குது யக்கா. ஒன் மொகந்தான் உப்பு கொறஞ்ச மாதிரி இருக்குது" என்றாள்.

மேசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நான்கு வாரம் போனபிறகு ஒரு ஒழுங்கு தெரிந்தது. சனி, ஞாயிறில் தட்டு முழுதாக வரும். செவ்வாய், புதனில் முக்கால். வியாழக்கிழமை பாதி காலியாக இருக்கும். மறுபடி சனிக்கிழமை முழுசு. ஏன் என்று விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா அறையைச் சாத்திக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வது தெரியும். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் பேனா மாதிரி ஒன்று. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரைக்கு எத்தனையோ பேர் அப்படிப் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கும் என் குழம்புக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.

அம்மா இளைத்துக்கொண்டே வந்தார்கள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தார்கள். கேட்பவர்களிடம், காலையில் நடக்கிறேன் என்று சொல்வார்கள். முட்டி வலியால் சூளை மேடைக்கு ஏறும் ஆறு படி கூட ஏற முடியாதவர் எங்கே நடக்கிறார் என்று எனக்குத் தோன்றும். கேட்கமாட்டேன்.

திட்டக்குடியில் ஒரு கல்யாணம் முடிந்து, அம்மாவின் நாத்தனார் இங்கே வந்து இரண்டு நாள் தங்கினார்கள். சமையல்கட்டு வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டுப் பொண்ணு பாதியா போச்சு. நீ சமைக்கிறியா, சும்மா அடுப்ப பத்த வச்சிட்டு பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கிறியா?"

அன்றைக்கே, வேறு ஆள் பார்க்கலாமா என்று அவர்கள் அம்மாவின் வீட்டுக்காரர் ஐயாவிடம் கேட்டதும், பார்க்கலாம் என்று ஐயா பொதுவாகத் தலையாட்டியதும் என் காதில் விழுந்தது. பினிஷிங்குக்குக் கண் இல்லை. சமையலும் போனால் வேறு எந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். அதைவிட, அம்மா என் கண்ணெதிரே கரைவதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

3. ஒட்டு வேலை

காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி. அதை மட்டும் அம்மா எந்தக் கிழமையிலும் விடாமல் குடித்தார்கள். உள்ளே போவது அது ஒன்றுதான் என்றால் அதிலேயே எல்லாச் சத்தையும் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். பாதாமும் முந்திரியும் ஊறவைத்து விழுதாக அரைத்துக் கலந்தேன். கொதிக்கும்போதே இரண்டு கரண்டி நெய். பாலை ஆடையோடு ஊற்றினேன். வாசனை காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சீரகமும் மிளகும் தட்டிப் போட்டேன். கஞ்சி கொழகொழவென்று நன்றாக இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

யாரிடமும் நான் சொல்லவில்லை. பினிஷிங் மேசையில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காய்ந்த பொம்மையின் காது கை தவறி உடைந்தால் மேஸ்திரியிடம் காட்டமாட்டோம். ஈர மண்ணைக் குழைத்து ஒட்டி, ஸ்பாஞ்சால் தடவி, வரிசையில் வைத்துவிடுவோம். பார்த்தால் தெரியாது. சூளைக்குப் போய் வந்தால் சரியாக அந்த இடத்தில்தான் வெடித்திருக்கும். இருபத்தாறு வருஷம் இதைப் பார்த்தவள் நான். சமையல்கட்டிலும் அதையே செய்தேன்.

ஒரு வாரத்தில் அம்மாவுக்கு வாந்தி தொடங்கியது. காலையில் குடித்தது மத்தியானம் அப்படியே வெளியே வரும். வயிறு கல் மாதிரி இருக்கிறது என்பார்கள். நான் பயந்துபோய், உடம்பு மேலும் தளர்ந்துவிடும் என்று நெய்யை இன்னொரு கரண்டி கூட்டினேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் செய்தேன்.

4. டாக்டர் அறையில்

கடலூரில் அம்மா வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. ஐயா வெளியூரில். வழியில் வாந்தி வந்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் காரில் ஏற்றினார்கள். நான் ஒரு பாத்திரமும் துண்டும் எடுத்துக்கொண்டேன்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். என்னையும் உள்ளே ஓரமாக உட்காரச் சொன்னார்கள். அங்கேதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்தப் பேனா ஊசி சர்க்கரைக்கும்தான், ஆனால் பசியையும் அடக்குமாம். எடை குறைவதற்காகக் கொடுத்தது. வாரம் ஒன்று, மாதாமாதம் டோஸ் கூட்டிக்கொண்டே போவது. கணையத்தில் வீக்கம் எதுவும் இல்லை, ஆனாலும் இவ்வளவு வாந்தி என்றால் இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டார்கள். எடை இறங்கினால்தான் முட்டி ஆபரேஷன் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும்.

"மேடம், சாப்ட்டு கை கழுவுறப்பவே அடுத்த வேளைக்கு இன்னான்னு மனசு ஓடிடும் எனக்கு. சின்ன வயசுலருந்து அப்டித்தான். வாயக் கட்டத் தெரியாதவன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. இந்த நாலு மாசந்தான் அது இல்லாம இருக்குது. நிறுத்திடாதீங்க" என்றார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது.

எட்டு வருஷம் அந்தத் தட்டு துடைத்த மாதிரி வந்ததை நினைத்துப் பெருமைப்பட்டவள் நான். அது என் கைமணம் என்று நினைத்திருந்தேன். அது அம்மாவுக்குப் பாடாக இருந்திருக்கிறது.

டாக்டரம்மா எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதி முடித்துவிட்டால் அவ்வளவுதான். நான் எழுந்து நின்றேன்.

"நாந்தாங்க" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். நீங்கள்தான் என்ன என்று டாக்டரம்மா கேட்டார். "கஞ்சில நெய் ஊத்துனேங்க. பாதாம் முந்திரிலாம் அரைச்சி போட்டேன். ஆடையும். அம்மாவுக்குத் தெரியாது."

எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, தினமுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். கிழமைக் கணக்கையும் சொன்னேன். சனி, ஞாயிறில் சாப்பிடமாட்டார்கள், வியாழக்கிழமை பாதி சாப்பிடுவார்கள், கஞ்சியில் நெய் போட்ட பிறகுதான் வாந்தி என்று. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த ஊசி வயிற்றில் இருப்பதை மெதுவாகத்தான் இறங்க விடும், நெய்யும் கொழுப்பும் இன்னும் நேரம் பிடிக்கும், அதனால் அங்கேயே கிடந்து புரட்டியிருக்கும் என்று விளக்கினார். எல்லாமே கஞ்சியால் என்றும் சொல்ல முடியாது, டோஸ் கூட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். வாந்தி சுத்தமாக நின்ற பிறகு முந்தைய டோஸுக்கே திரும்பிப் போகலாம், நெய் இல்லாமல் ஒரு மாதம் பார்க்கலாம், அப்போதும் ஆகவில்லை என்றால் நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று சொன்னார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

பிறகு என்னைப் பார்த்து, சமைக்கிறவர்களையும் கூட்டி வாருங்கள் என்று இனிமேல் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன் என்றார். அது பாராட்டா, திட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

5. வடலூர் தாண்டி

காரில் திரும்பினோம். நான் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தேன். வீட்டுக்குப் போனதும் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். வடலூர் தாண்டியபிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்கள்.

"ஏன்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "நீங்க மட்டும் சொன்னீங்களாம்மா?" என்றேன்.

டிரைவருக்குக் கேட்காதபடி அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள். ஊசி போட்டு இளைத்தவள் என்று ஊரில் பேசுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லையாம். "ஒங்கிட்டதான் ரொம்பக் கஷ்டமா இருந்துது. நீ பாத்துப் பாத்து செய்யுற. காசு குடுத்து ஊசி வாங்கிப் போட்டுக்கினு ஒன் சோத்த வேணாங்கறேன்னு எப்டிக்கா சொல்றது?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். வாந்தி எடுத்தது மட்டும் அம்மா.

6. சின்னக் கிண்ணம்

மறுநாள் அம்மா யூனிட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார்கள். விளிம்பு கொஞ்சம் கோணிப்போய் கழிவில் ஒதுக்கினது. கையளவுதான் இருக்கும். "இதுல புடிக்கறது போதும். ரொம்ப வைக்காத, வச்சா எனக்கு மெரட்சியா இருக்குது" என்றார்கள்.

இப்போது முட்டையும் கெட்டிப் பருப்பும்தான் முதலில். சோறு அப்புறம், இடம் இருந்தால். பசி இல்லாவிட்டாலும் அதுதான் உடம்பில் பலம் குறையாமல் வைக்குமாம். எண்ணெய் கணக்காகத்தான். தண்ணீர்ச் செம்பு கண் படுகிற இடத்தில் இருக்கும், தாகமும் சரியாகத் தெரியாது என்பதால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃப்ரிட்ஜிலிருந்து அந்தப் பெட்டியை நானே எடுத்துக் கொடுக்கிறேன். சனிக்கிழமைக்கு எவ்வளவு வைக்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறேன். முதல் இரண்டு வாரம் குமட்டல் இருந்தது. வாந்தி நின்றுவிட்டது. ஆபரேஷனுக்கு இன்னும் எடை இறங்க வேண்டும். ஊசியை விட்டால் பசி திரும்பி வருமா என்று அம்மா கேட்டதற்கு, வரலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். அந்தக் கவலை இருக்கிறது. ஆனால் போன மாதம் சூளை மேடையின் ஆறு படியையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். மேலே நின்று எங்களைப் பார்த்தார்கள். ராணி, "இனிமே ஒட்டு வச்ச காதெல்லாம் மாட்டிக்கும்" என்று முணுமுணுத்தாள்.

புதிதாக வீட்டுச் சமையலுக்கு வருகிற பெண்களுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. தட்டைப் பாருங்கள். ஆனால் தட்டோடு நிறுத்திவிடாதீர்கள், ஆளிடம் கேளுங்கள். எனக்கு அது எட்டு வருஷம் வரவில்லை.

அந்தப் படி ஏறிய நாள் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் வத்தக்குழம்பு. சின்னக் கிண்ணம் துடைத்த மாதிரி வந்தது. அதைக் கழுவப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போய் நின்றேன். குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். நான் கேட்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்க்கா" என்றார்கள். "எட்டு வருசமாவே."

மறுநாளிலிருந்து குறைத்துவிட்டேன்.