குறி போட்டவரே பதில் சொல்லட்டும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருத்தர் மேலும் என் பெயரை எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அவர்களில் யார் எங்கே வம்பு செய்தாலும், ஊர் நேராக என் வாசலுக்குத்தான் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால்...

போன வாரம் ஆலங்காயம் சந்தையில் ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மகளிர் குழுவிடம் வருடக்கணக்காகச் சாமை வாங்குகிறவர். அன்றைக்கு முகம் சரியில்லை.

"இன்னா காளியம்மா, உன் மூஞ்சிய நம்பித்தான வாங்கனேன்? சோத்துல ஒரே கல்லு! எங்க வூட்டுக்காரரு பல்லு செட்டு ரெண்டா போய்ட்ச்சு!"

"இந்த மாசம் நீங்க எங்க கிட்ட வாங்கவே இல்லியே டீச்சர்?"

பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். பளபள பாக்கெட். அதில் ஒரு தானியக் குவியலுக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது... நான்! மேலே 'ஜவ்வாது மலை சாமை' என்று போட்டிருக்கிறதாம். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் டீச்சரே படித்துவிட்டார். எங்கள் குழுவுக்கும் அந்தப் பாக்கெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரோ ஒரு வெளியூர் வியாபாரி.

"படம் உன்னுது, சாமை உன்னுது இல்லியா? நல்லா கீதே கதை! இனிமே உங்க கிட்ட வாங்கறதான்னு யோசிக்கணும்."

போய்விட்டார். டீச்சர் நிறுத்தினால் அவர் தெருவே நிறுத்தும். குழுவில் இருக்கிற பெண்கள் என் முகத்தைத்தானே பார்ப்பார்கள்? கல் கிடந்தது யார் சாமையில்... கெட்டது என் பெயர்!

அந்தப் படம் எடுத்தவரை எனக்குத் தெரியும். தை மாதம் எங்கள் களத்துக்கு வந்த அருண் தம்பி. "பாட்டி, அசையாதீங்க" என்று ஒரே இடத்தில் நிற்கவைத்து மூன்று தடவை எடுத்தார். ஒன்று இருட்டாக, ஒன்று நடுவாக, ஒன்று வெளிச்சமாக. மூன்றையும் சேர்த்தால் வெயிலும் தெரியுமாம், கொட்டாய் நிழலுக்குள் இருப்பதும் தெரியுமாம். எச்.டி.ஆர். படம் என்றார். மூன்று தடவை எடுத்தவர் என் பெயரை ஒரு தடவையாவது கேட்டாரா? இல்லை.

பேத்தி பவித்ரா அவருக்குப் போன் போட்டாள். நான் சொல்லச் சொல்ல இந்தப் பத்தியை எழுதுகிறவளும் அவள்தான். மறுநாளே தம்பி லேப்டாப்போடு மலையேறி வந்துவிட்டார். அடடா, என் மானத்தைக் காக்க ஓடி வந்திருக்கிறாரே என்று மோர் கொடுத்தேன்.

"என் போட்டோவைத் திருடிட்டாங்க பாட்டி!" என்றார்.

மோரைத் திருப்பி வாங்க முடியாதே...

"ஓரத்துல இருந்த என் பேரை வெட்டிட்டு, யாரு படம்னே தெரியாதுங்கறான் அந்த ஆளு. ஆனா உள்ள ஒரு வாட்டர்மார்க், அதான் என் பேரு போட்ட குறி, ஒளிச்சு வெச்சிருக்கேன். கண்ணுக்குத் தெரியாது. இந்த மாதிரிப் படத்துல போன் காட்டுறதைவிட அதிகமா வெளிச்சம் இருக்கும். அதைச் சுருக்கித்தான் போன்ல காட்டும். சுருக்கினாலும் போகாது, கலர் மாத்தினாலும் போகாது."

வியாபாரியின் வெப்சைட்டில் இருந்த அதே படத்தை எடுத்து ஏதோ தட்டினார். காத்திருந்தோம். திரையில் புள்ளி புள்ளியாக எழுத்து கிளம்பியது. "அருண்" என்று படித்தாள் பவித்ரா. அவர் துள்ளிய துள்ளலில் லேப்டாப் விழப் பார்த்தது.

நான் படத்தில் இருந்த குவியலைப் பார்த்தேன்.

"தம்பி, அன்னிக்கு நான் தூத்தினது கேவுரு. இது இன்னா வெளுத்துக் கெடக்குது?"

தன்னிடம் இருந்த படத்தைத் திறந்தார். அதில் சிவக்கச் சிவக்கக் கேழ்வரகு. மேலே நான் சாம்பலில் போட்ட மூன்று கோடும் ஒரு வட்டமும். வியாபாரி கேழ்வரகுக்கு வெள்ளையடித்துச் சாமை ஆக்கியிருந்தார். என் சாம்பல் குறியைத் துடைத்தே விட்டார்.

"இவ்ளோ பண்ணியிருக்கான், உன் குறி ஒண்ணும் சொல்லலியா?"

"இது ஓனர் யாருன்னு காட்டுற குறி பாட்டி. மாத்தினதைக் காட்டுறது வேற குறி. அதை நான் போடலை."

எங்கள் களத்தில் தூற்றி முடித்ததும் குவியல் மேல் சாம்பலில் குறி போடுவோம். வீட்டுக்கு ஒரு குறி. ஒரு கை அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக் கொடுத்துவிடும். இன்னொன்றும் உண்டு: குவியலில் கல்லோ பதரோ இருந்தால், குறி போட்ட வீடுதான் பதில் சொல்ல வேண்டும். அருண் தம்பியின் குறி அவர் பெயரை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது. தானியம் எக்கேடு கெட்டால் என்ன?

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"பாக்கெட்ல என் பேரைப் போடச் சொல்லப் போறேன்."

"என் மூஞ்சி?"

"அது இருக்கட்டுமே பாட்டி, நல்லாத்தானே இருக்கு!"

சரிதான்.

"அப்ப படம் உன்னுது?"

"சந்தேகமே இல்லை, என்னோடதுதான்!"

"பவி, டீச்சருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

டீச்சர் எடுத்தார். "டீச்சர், பாக்கெட்டு படத்துக்குச் சொந்தக்காரரு இங்கதான் குந்தினு கீறாரு. குறியெல்லாம் காட்டிட்டாரு. பேசுங்க."

"நீதானாப்பா அது? எங்க வூட்டுக்காரரு மூணு நாளா கஞ்சி குடிச்சினு கீறாரு!"

"மேடம், நான் வெறும் போட்டோதான்..."

"வெறும் போட்டோவா? அதப் பாத்துதான வாங்கனேன்! கல்லு மேலயும் உன் பேரு கீதா பாரு!"

அதுவரை 'என்னோடது, என்னோடது' என்றிருந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம்... அது பாட்டியோட களத்துல எடுத்தது" என்றார்!

இன்னொரு டம்ளர் மோர் கொடுத்தேன்.

போன் வைத்த கையோடு, அங்கேயே உட்கார்ந்து வியாபாரிக்கு எழுதினார். பெயர் போடுவதெல்லாம் வேண்டாமாம். படத்தையே எடுத்துவிட வேண்டுமாம். கூடவே கேழ்வரகுப் படத்தையும் வெள்ளையடித்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினார். கண்ணுக்குத் தெரியாத குறி ரொம்பக் கெட்டி. ஆனால் அதை வைத்தவருக்குச் சொரணை வர ஒரு டீச்சர் திட்ட வேண்டியிருக்கிறது.

நேற்றுப் பவித்ரா பார்த்தாள். வெப்சைட்டில் நான் இல்லை. என் இடத்தில் ஒரு மயில் நிற்கிறது. கல்லுக்கு இனி மயில் பதில் சொல்லட்டும். டீச்சரும் வந்தார். சாமையை முறத்தில் கொட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு கிளறிக் கிளறிப் பார்த்த பிறகுதான் வாங்கினார். பார்க்கட்டுமே!

பவி, கடைசியில் காளியம்மாள் என்று என் பெயரைப் போடு. ஒளித்து வைக்காதே, பெரிதாகப் போடு. திட்ட வருகிறவர்கள் வீடு மாறிப் போய்விடக் கூடாது.

எங்கே, முதலிலிருந்து ஒரு தடவை படி.