தராசு யார் கையில்?

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் மின்தராசை இரண்டு கணினி நிரல்கள் ஒரே நேரத்தில் படித்து எடையைக் குழப்பின. அதனால் நேற்று கணினி இயங்குதளத்தின் உட்கருவான கர்னலில் ஒரு பூட்டுப் போட்டேன்: ஒரு நிரல் தராசைத் திறந்திருந்தால் இன்னொன்றுக்கு அனுமதி இல்லை.

இன்று காலை எடை போட முடியவில்லை. திரையில் நான் எழுதிய வரியே நிற்கிறது: "தராசு வேறொருவர் கையில்."

"யாரு கையில மோளே?" என்றார் எடை போடும் சேட்டன். "லாரி இப்போ கிளம்பலைன்னா கப்பல் போயிடும்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தராசைப் பிடித்து வைத்திருந்தது, நேற்று நான் மூட மறந்த என் சோதனை நிரல்.

மூடினேன். எண்கள் ஓடின.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார் சேட்டன். "பூட்டிட்டு நீயே உள்ள உட்கார்ந்துக்கிட்டா எப்படி?"

எடை முடிந்து லாரி போய்விட்டது. சேட்டன் கண்ணில் படக் கூசி நான் இன்னும் மட்டாஞ்சேரித் தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன்.

இனி தராசைப் பிடித்து வைத்திருப்பவர் பெயரும் திரையில் வரும். என் பெயர் மட்டும் வராமலிருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.