ஐம்பது வருடம் தாங்கும் வில்

எண்பதுகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பழைய வில் சேகரித்த ஒரே கிறுக்கன் நானாகத்தான் இருப்பேன். கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த, நுனிகள் முன்பக்கம் வளைந்த ரீகர்வ் வில்லை இரண்டு வாரம் சோதித்தேன். விரிசல் இருந்தால் நார் சிக்கும் என்று பஞ்சால் முழுக்கத் தடவினேன். முறுக்கல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். இன்னும் ஐம்பது வருடம் தாங்கும் என்று மனைவியிடம் தீர்ப்பும் சொன்னேன்.

நாணைக் கழற்றினால் இந்த வகை வில் முன்பக்கமாக வளைந்துகொள்ளும். திரும்ப நாணேற்ற அதை எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும். ஆயுத பூஜையன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள், மனைவியின் தம்பி அது வளைந்திருந்த பக்கமே நாணை மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் சாத்தியிருந்தான்.

"படத்துல உள்ள வில்லு மாதிரியே இருக்குல்ல, மச்சான்?" என்றவன், நான் வாய் திறப்பதற்குள் எடுத்து இழுத்தும் காட்டினான். படீரென்று இரண்டு துண்டு.

என் முகத்தைப் பார்த்து ஆறுதல் வேறு சொன்னான்.

"விடுங்க மச்சான். நல்லவேளை, பழசு. புதுசா இருந்தா வீணா போயிருக்கும் லா."