செலினாவின் வெள்ளை ஒட்டு

செலினா அடித்த தாளில் குறை கண்டுபிடிப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்பிங் கடை வைத்துப் பல வருஷமாகிறது. கணக்கு நோட்ஸ் என்றால் வாத்தியார்கள் நேரே அவளிடம்தான் வருவார்கள். "கண்ணுக்குச் சரியா இருந்தா எல்லாம் சரி" என்பாள். பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் எனக்கு அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கணக்கில் இரண்டு அடைப்புக்குறிகள் உண்டு. ஒன்றுக்குக் கால் மட்டும் இருக்கும், தலை இருக்காது. பெயர் ஃப்ளோர். அதற்குள் 2.7-ஐப் போட்டால் 2 என்று கீழே இறங்கும். இன்னொன்றுக்குத் தலை மட்டும். அது சீலிங். அதே 2.7 அங்கே 3 என்று மேலே ஏறும். இரண்டுமே செலினாவின் கீபோர்டில் கிடையாது. சாதாரண சதுர அடைப்பை அடித்து, வேண்டாத முனையைப் பொடி வெள்ளைக் கட்டம் ஒன்றால் மறைத்துவிடுவாள். பிரிண்டில் தத்ரூபமாக இருக்கும். நானே அசந்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் கோகிலவாணி கடைக்கு வந்தாள். கச்சிராயபாளையத்துப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. செலினா அனுப்பும் நோட்சைப் போன் வாசிக்க, காதால் படிப்பவள். கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. கணக்குப் பேப்பரில் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். இந்தத் தடவையும் போனால் படிப்பு போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். பரீட்சைக்கு இரண்டே நாள்.

"அக்கா, ஒரே கணக்குக்கு ஒரு தபா ரெண்டுங்குது, இன்னொரு தபா மூணுங்குது. எதுக்கு எதுன்னு தெரியாம கொழம்பிக்கினு இருக்கேன்."

"தாள்ல நல்லாத்தானேம்மா இருக்கு. இன்னா கொழப்பம்?"

கோகிலா போனை உரக்க வாசிக்க வைத்தாள். இரண்டு குறியையும் அது சதுர அடைப்பு என்றே வாசித்தது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் உருவத்தை வைத்துக்கொள்வதில்லை. குறிக்கு ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்து ஃபாண்ட் உருவம் வரைகிறது, போன் பெயர் சொல்கிறது. செலினாவின் வெள்ளை ஒட்டு உருவத்தைத்தான் மறைத்தது. உள்ளே இருந்தது சதுர அடைப்பின் பழைய எண்ணேதான்.

இதைச் சொன்னதும் செலினாவின் முகம் செத்துப்போனது.

"போன தடவ நீ பெயிலானது என் நோட்சாலியாம்மா?"

"வுடுக்கா. எனக்கும் தெரியல."

திட்டியிருந்தால்கூடச் செலினாவுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

ஒட்டுகளை எல்லாம் தூக்கிவிட்டு, நான் தேடிச் சொன்ன சரியான எண்களைப் போட்டு மறுபடி அடித்தாள். குறி வரவேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டங்கள். அவளுடைய ஃபாண்டில் அந்த எண்களுக்கு உருவமே இல்லை. புது ஃபாண்ட் போட்டுப் பார்த்தேன், அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.

"கால் எது, தலை எதுன்னே தெரியலியே. இத எப்டிக் குடுக்கறது? குருட்டாம்போக்குல..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கோகிலா சிரித்துவிட்டாள். "குடுங்க்கா, நான் படிச்சுப் பாக்கறேன்."

முதல் பக்கம் அவள் போனுக்குப் போனது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். செலினா சுவரைப் பிடித்தபடி நின்றாள். நடுவில் ஒரு கணக்கில் கோகிலா போனை நிறுத்தினாள்.

"விடை ரெண்டுன்னா ஃப்ளோர்தானேக்கா வரணும்? இங்க சீலிங் வந்துருக்கு."

செலினா அவசரமாக உட்கார்ந்தாள். ஒரு கட்டத்தை அழித்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு கட்டத்தை அங்கே வைத்து மறுபடி அனுப்பினாள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. கோகிலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சரிக்கா," என்றாள் கோகிலா. "அடுத்த பக்கம் போடுங்க."