ஜெய்சல்மேர் சுவருக்குள் சொட்டும் தண்ணீர்

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் முரளி குடியிருக்கிறார். மதுரைக்காரர், என்ஜினியர். மனைவி ஜோதி ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். கலியாணத்துக்குப் பிறகு தமிழ் பழகி, இப்போது மதுரைத் தமிழிலேயே சண்டை போடுகிறார்!

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் அவர்கள் வீட்டில் எங்களுக்கு மதியச் சாப்பாடு. முடிந்ததும் ஜோதி லாப்டொப்பைத் திறந்து, வீடியோவில் அப்பாவை அழைத்தார். பெப்ரவரியில் தங்கை சீமாவுக்குக் கலியாணம். விருந்து கோட்டைக்குள் இருக்கும் அவர்களுடைய வீட்டின் மேல்மாடியில். இருநூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

திரையில் பெரியவர் தெரிந்தார். வெள்ளை மீசை, கம்பளிச் சால்வை, பின்னால் மஞ்சள் கல் சுவர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தோளில் ஏதோ அரிசி மா மாதிரி விழுந்தது. பார்க்காமலே தட்டிவிட்டார். பேச்சு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுந்தது... மறுபடி தட்டினார்.

"என்ன அது?" என்று கேட்டேன்.

"அதுவா? கல்லுத் தூசி அண்ணா. எப்பவும் விழும்" என்றார் ஜோதி.

அதோடு ஒரு சத்தம். டக்... டக்... முரளி வீட்டுக் குசினிப் பைப் ஒழுகுகிறது என்று நினைத்தேன். என் மனைவி ராணி எழுந்துபோய் பைப்பை இறுக்கிப் பூட்டிவிட்டு வந்தாள். சத்தம் நிற்கவில்லை.

"இஞ்சருங்கோ, அது இஞ்ச இல்லை. அங்கயிருந்து வருது" என்றாள்.

ஜோதி அப்பாவிடம் ஹிந்தியில் கேட்டார். பெரியவர் புருவத்தைச் சுருக்கினார். அவர் சொன்னதை ஜோதி எங்களுக்குச் சொன்னார்: "எந்தச் சத்தம்னு கேக்குறாரு."

யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் நான்கு பேருக்குக் கேட்கிறது. சுவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவில்லை!

ஆண்டும் தேதியும் இல்லாமல் என்னால் எதையும் யோசிக்க முடியாது என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "வரலாறு எண்டா இவருக்குத் தேத்தண்ணியும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே ராணி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

கோட்டை கட்டியது 1156இல் என்கிறார்கள். பாலைவனத்து நடுவில் தனியாக நிற்கும் ஒரு குன்று. பட்டும் வாசனைச் சரக்கும் அபினும் ஏற்றிய ஒட்டகங்கள் சிந்து வழியாகப் பாரசீகம் வரை அந்த வழியால்தான் போயின. அரசனுக்குச் சுங்கம், வணிகனுக்கு லாபம். கல்லையே சரிகைச் சேலை மாதிரிச் செதுக்கி மாளிகைகள் கட்டினார்கள். முற்றுகைகளும் வந்தன. தோல்வி நிச்சயம் என்றானபோது பெண்கள் கூட்டமாகத் தீயில் இறங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. எந்த ஆண்டு என்பதில்தான் நூலுக்கு நூல் வேறுபாடு.

பிறகு பம்பாய்த் துறைமுகம் வளர்ந்தது. ஒட்டகத்தின் சரக்கைக் கப்பல் எடுத்துக்கொண்டது. 1947இல் மேற்கே எல்லைக்கோடு விழுந்தது. மிச்சமிருந்த வழியும் அடைபட்டது. பலர் ஊரை விட்டுப் போனார்கள். பல ஆண்டுகள் கழித்து வெள்ளைக்காரர்கள் முதுகுப்பையோடு வந்து இறங்கினார்கள். ஊர் மறுபடி கண் விழித்தது.

கண் விழித்த ஊருக்கு என்ன வேண்டும்? குழாய்த் தண்ணீர்!

அங்கேதான் வினை. அது குடத்தில் தண்ணீர் சுமந்து ஏறிய காலத்துக் கோட்டை. ஒரு செம்புத் தண்ணீரில் முகமும் காலும் கழுவிய மக்கள். மேலே மஞ்சள் கல், அடியில் களிமண் போன்ற மென்மையான பாறை. இப்போது விடுதிகளிலிருந்து ஓடும் தண்ணீர் பழைய சாக்கடைகளில் வழிந்து அந்தக் களிமண்ணுக்குள் இறங்குகிறது. கொத்தளங்கள் சில ஏற்கெனவே சரிந்துவிட்டன. எத்தனையோ படைகளுக்கு நின்ற கோட்டை குளியல் தண்ணீரில் கரைகிறது.

அடுத்த நாள் படிக்கட்டில் முரளியைக் கண்டு இதைச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"அண்ணா, அந்த வீட்ல மாடியில மூணு பாத்ரூம் இருக்கு. எங்க கல்யாணத்துக்காகக் கட்டுனது."

"ஏன் தம்பி?"

"எங்கம்மாதான். 'காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை தலைக்கு ஊத்திக் குளிக்கலைன்னா எங்க சனத்துக்கு ஆகாது, வசதி பண்ணுங்க'ன்னு சொல்லி விட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு, மறுக்க முடியுமா? மூணே நாள்தான் இருந்தோம். எங்க மாமா ஒருத்தர் பாட்டுப் பாடிக்கிட்டே ரெண்டு பீப்பாத் தண்ணியைக் காலி பண்ணாரு. வேடிக்கை பாக்கத் தெருவே வந்துச்சு."

"பிறகு?"

"கட்டுனதை வீணாக்குவானேன்னு பாத்ரூமை ஒட்டியிருந்த மூணு ரூமையும் டூரிஸ்டுக்கு விட்டுட்டார் மாமனார். 'ஹாட் ஷவர்'னு போர்டே இருக்கு."

மதுரையிலிருந்து ஒரு படை போய் அந்தக் கோட்டையைத் தாக்கியதாக எந்த நூலிலும் இல்லை. இனி எழுத வேண்டும் போலிருக்கிறது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டில் கலியாணம் என்றால் வாசல் சுவரில் பிள்ளையார் படம் வரைந்து, கீழே மணமக்கள் பெயரையும் தேதியையும் எழுதுவார்கள். அழிக்க மாட்டார்கள். அந்த வீட்டில் எந்த ஆண்டு யார் கட்டிக்கொண்டார்கள் என்று தெருவில் நின்றே படிக்கலாம். எனக்கு ஆசை வராதா? முரளியின் கலியாணத்தில் அந்தச் சுவரை எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கினேன். ஜோதி வாசித்துக் காட்டினார். ஆண்டு 2060!

மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவர்களுடைய விக்ரம ஆண்டு நம் கணக்குக்கு ஐம்பத்தேழு முன்னால் ஓடுகிறது; நமக்கு அது 2003 என்று பிறகுதான் விளங்கியது.

சீமாவுக்காகப் புதிதாக வரைந்த பிள்ளையாரைப் பெரியவர் ஈமெயிலில் அனுப்பியிருந்தார். புதுச் சுண்ணாம்பு, புது வர்ணம். பக்கத்திலேயே முரளி-ஜோதியின் பழைய படமும் தெரிந்தது. இரண்டு போட்டோக்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2003 போட்டோவில் மாதமும் ஆண்டும் ஒரே வரியில் இருந்தன. புதிய போட்டோவில் அதே பழைய எழுத்தின் ஆண்டு கீழே இறங்கியிருந்தது. நடுவே ஒரு கீறல். அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு. இந்தப் பக்கம் மாதம் மேலே, அந்தப் பக்கம் ஆண்டு ஒரு விரல் தாழ.

ஜோதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தச் சுவருக்கு மேலதான் அண்ணா பந்தி."

அன்றைக்கே அப்பாவிடம் பேசினார். பெரியவர் சிரித்தார்: எண்ணூறு வருடம் நின்ற கோட்டை, மூன்று குளியலறைக்கு விழுமா? ஜெர்மனிக்குப் போனால் பொம்பிளைகளுக்குப் பயம் வந்துவிடுமா? ஜோதி அழுதார். முரளி போனை வாங்கி, மரியாதை கெடாமல் கெஞ்சினார். பெரியவர் அசையவில்லை. சொந்த வீட்டில் பந்தி வைக்காவிட்டால் ஊர் சிரிக்கும் என்றார்.

அசைந்தது மணப்பெண். சீமா அடுத்த நாள் காலை மாடியில் தங்கியிருந்த டூரிஸ்டுகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடினாள். குளியலறைகளுக்குப் பூட்டு. அப்பா கத்தினாராம். "இன்னும் ஒரு வாரம் கத்துங்க, திறக்க மாட்டேன்" என்றாளாம். ஜோதியின் தங்கை அல்லவா!

போன ஞாயிறு மறுபடி அழைத்தோம். சீமாதான் கெமராவுக்கு முன்னால் இருந்தாள். ஆறு நாளாக வீட்டில் ஒரு பைப்பும் திறக்கவில்லை, வாளித் தண்ணீர்தான் என்றாள். அப்படியானால் சத்தம் நின்றிருக்க வேண்டும், இல்லையா?

டக்... டக்... டக்...

முரளி என்னைப் பார்த்தார். நான் ராணியைப் பார்த்தேன்.

"அப்ப இது ஆருடைய தண்ணி?" என்றாள் ராணி மெதுவாக.

பக்கத்து வீட்டுத் தண்ணீர். அதற்கடுத்த விடுதித் தண்ணீர். மேல் தெருவின் தண்ணீர். ஒரு வீடு வால்வை மூடி என்ன செய்ய? குன்றின் மேல் இருக்கிற எல்லோரும் அதே நாளில் மூட வேண்டும். மூடினால் சாப்பாட்டுக்கு எங்கே போவார்கள்? ஒட்டகமா திரும்பி வரப்போகிறது?

பந்தி இடம் மாறிவிட்டது என்று சீமா சொன்னாள். கோட்டைக்குக் கீழே, சமதரையில் கூடாரம். அப்பாவே எல்லோருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். ஜோதி இரண்டு கைகளையும் தட்டினார். இருநூறு பேர் தப்பித்தார்கள்.

"அப்பாவை எப்படிடி சம்மதிக்க வச்ச?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பிறகு ஹிந்தியில் திருப்பிக் கேட்டார்.

சீமா சிரிக்கவில்லை. தான் ஒன்றும் செய்யவில்லை என்றாள். வீட்டுத் தண்ணீர் எல்லாம் நின்றபிறகு அப்பாவுக்கு முதல் தடவையாக அந்தச் சத்தம் கேட்டதாம். கலியாணம் முடிந்ததும் அப்பா கோட்டையை விட்டுக் கீழே குடிவந்துவிட வேண்டும் என்று ஜோதி சொன்னார். அப்பா வரமாட்டேன் என்கிறார் என்று சொல்லி, சீமா கெமராவைத் திருப்பினாள்.

பெரியவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். காது கல்லோடு ஒட்டியிருந்தது. தோளில் தூசி படிந்திருந்தது, தட்டவில்லை. ஜோதி "பாப்பா" என்று அப்பாவை ஹிந்தியில் கூப்பிட்டார். பிறகு உரக்கக் கூப்பிட்டார். பிறகு நாங்கள் எல்லோரும் கூப்பிட்டோம்.

அவர் ஒரு விரலை உயர்த்தி, எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.