பெட்டியில் இல்லாத பாஸ்போர்ட்டுகள்

'இந்த ஆலையில் எந்தத் தொழிலாளியின் பாஸ்போர்ட்டையும் நிர்வாகம் வாங்கி வைத்திருக்கவில்லை' என்று ஆடிட் ரிப்போர்ட்டில் அழகான ஆங்கிலத்தில் எழுதி நான் கையெழுத்துப் போட்டபோது, என் பாஸ்போர்ட்டே அலுவலக இரும்புப் பெட்டியில்தான் இருந்தது. சேர்ந்த அன்று 'பத்திரமா இருக்கட்டும்' என்றார்கள். நன்றி சொல்லிக் கொடுத்தேன். சட்டைப்பையில் இருப்பது பிளாஸ்டிக் உறை போட்ட நகல். தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருநாள் போலீஸ்காரர் நிறுத்தி அதைப் புரட்டிப் பார்த்து, "ஒரிஜினல்?" என்றார். "நான்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கிளாங்கில் எங்கள் ஆலை வெளிநாட்டுக் கடைகளுக்கு டீ-ஷர்ட் தைக்கிறது. ரசாயனம் படாத பருத்தி, மண்ணைக் கெடுக்காத சாயம். 'தைத்த கைகளை மதிக்கிறோம்' என்று ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். அந்த மதிப்புக்குப் பொறுப்பான, எல்லாம் விதிப்படி நடக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் நான். திருப்பூரிலும் இதே உத்தியோகம்தான். துணி வாங்கும் கம்பெனி அனுப்பும் ஆடிட்டர் ஆலையைப் பார்க்க வரும் காலையில் முகக்கவசம் கொடுத்து மாலையில் எண்ணி வாங்குவேன். பக்கத்து கம்பெனியிலிருந்து தீயணைப்பு உருளையை இரவல் வாங்கி நிறுத்துவேன். அந்த அனுபவத்துக்குத்தான் இங்கே விசா கிடைத்தது. இங்கே ஆடிட் அன்று காலையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து மாலையில் திரும்ப வாங்குகிறோம். தொழில் வளர்ந்திருக்கிறது.

போன ஆடிட்டில், சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சிமுத்து நான் பழக்கியபடியே "எங்கிட்டதான் இருக்கு" என்று பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினான். பத்தாம் நாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தான். ஊரில் அவன் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், வியாழக்கிழமை ஆபரேஷன்.

"பயந்து கெடக்காண்ணே. நான் பக்கத்துல இருக்கணும். பாஸ்போர்ட்ட மட்டும் வாங்கிக் குடுங்க."

ஆள் நிர்வாகத்தைப் பார்க்கும் கௌரியிடம் போனேன். இங்கேயே செந்தூலில் பிறந்து, பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டு வளர்ந்த பெண். நல்லவள்தான், பெட்டிச் சாவி முதலாளியிடம்.

"ஆர்டர் முடியாம முதலாளி ஒருத்தனையும் விடமாட்டாரு லா. அதோட ரிப்போர்ட்ல நீங்கதானே எழுதினீங்க, நம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு? இல்லாதத நான் எப்படி எடுத்துக் குடுக்கறது, அண்ணே?"

என் வாக்கியத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. இருந்திருந்தால் அவன் அதன் வழியாகப் போயிருப்பான். வியாழக்கிழமை மச்சினன் கையெழுத்துப் போட, ஆபரேஷன் நடந்தது. பேச்சிமுத்து அன்று முழுவதும் காலர் தைத்தான். மெஷின் ஓட, கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியவில்லை.

அன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் தே தாரிக் டீ ஆறுவதுகூடத் தெரியாமல், எங்கள் டீ-ஷர்ட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் புகார் முகவரிக்குப் பெயர் போடாமல் எல்லாவற்றையும் எழுதினேன். பெட்டி, சாவி, ஆடிட் நாடகம், அதை நடத்தியவன். வாழ்க்கையில் முதல் முறையாக உண்மை எழுதிய சிலிர்ப்பில் இரண்டு முறை படித்தும் பார்த்தேன்.

அடுத்த வாரம் கௌரி ஒரு தாளை என் மேஜையில் வைத்தாள். "யாரோ கம்ப்ளெய்ன் போட்டிருக்காங்க. கம்ப்ளையன்ஸ் ஆபீசர் விசாரிச்சுப் பதில் எழுதணுமாம். நீங்கதான் லா."

என் கடிதம்தான். ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. அதற்கும் பெட்டி திறக்க வேண்டும். இந்த நாட்டில் என் உடம்பு இருக்கிறது, சொந்த நாட்டில் என் பெயர் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தைக்கும் புத்தகம் இருட்டில் கிடக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சிமுத்துவிடம் ரிப்போர்ட், கடிதம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"இல்லைன்னு எழுதினப்ப உடனே நம்பிட்டாங்க. இருக்குன்னு எழுதினா உங்ககிட்டயே கேக்காங்க. பொய்தாண்ணே உங்களுக்கு நல்லா எழுத வருது."